பிஸ்டனோடு வா என்று திருப்பி அனுப்பிய பட்டறை

சென்னை புதுப்பேட்டையில், கூவம் பக்கம் போகும் சந்துகளில் ஒன்றில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு போரிங் பட்டறை இருக்கிறது. தேய்ந்த இன்ஜின் சிலிண்டரைக் கடைந்து, பெரிய பிஸ்டனுக்கு ஏற்றபடி வட்டமாக்கித் தரும் இடம். பத்துக்குப் பதினெட்டு அடி இருக்கும். ஒரு போரிங் மெஷின், கல்லால் தேய்த்து முடிக்கும் ஒரு ஹோனிங் மெஷின், சுவரோரம் முறை வரக் காத்திருக்கும் இன்ஜின் பிளாக்குகள், ஒரு மர மேசை. மேசையில் துணி விரித்து மைக்ரோமீட்டர்களை வைத்திருக்கிறார்கள். பட்டறைக்காரரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள். பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். "வேணாம் தம்பி, இருக்கிற வேலையே முடிய மாட்டேங்குது" என்றார். அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. வில்லிவாக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வண்டி 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர், நாலு கியர். 2009இல் வாங்கியது. இன்ஜினைக் கழற்றிய அன்று மீட்டரில் 1,87,000 கிலோமீட்டர். இரண்டு வருடமாகவே ஆயில் குடித்துக்கொண்டிருந்தது. அறுநூறு எழுநூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஊற்ற வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டுப் பாட்டி ஜன்னலைச் சாத்துவார்.

இதற்கு முன்னால் ஒரு தவறான வேலையும் நடந்திருந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் "ரிங் மட்டும் மாற்றினால் போதும்" என்றார்கள். பிஸ்டனைச் சுற்றி, சிலிண்டர் சுவரோடு ஒட்டி அடைக்கும் வளையம்தான் ரிங். மாற்றினார்கள். நாலே மாதத்தில் புகை திரும்ப வந்துவிட்டது. ஏன் வந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரியும், கீழே சொல்கிறேன்.

வண்டியை விற்றுவிடு என்றவர்கள் உண்டு. புதுப்பேட்டையில் ஒரு பழைய இன்ஜின் வாங்கி மாட்டு என்றவர்களும் உண்டு. இன்ஜினை மாற்றினால் இன்ஜின் நம்பர் மாறும், ஆர்சி புத்தகத்தில் பதிய ஆர்டிஓ அலுவலகத்துக்கு அலைய வேண்டும். அதோடு, அந்த இன்ஜின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யார் சொல்வது? என் இன்ஜினின் குறை என்ன என்றாவது எனக்குத் தெரியும். ஆர்சியை 2023இல்தான் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருந்தேன். சரி, இருப்பதையே சரிசெய்வோம் என்று மே மாதம் இறங்கினேன்.

கழற்றும் முன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று, பார்த்தேன். மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, கேஜைத் திருகி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து செல்ஃப் அடிக்க வேண்டும். முதல் சிலிண்டர் 120, இரண்டாவது 85, மூன்றாவது 115 பிஎஸ்ஐ. நல்ல நிலையில் 170க்கு மேல் காட்ட வேண்டிய இன்ஜின் இது. அப்புறம் கடையிலிருந்து ஒரு பத்து மில்லி சிரிஞ்சு எடுத்து வந்து, இரண்டாவது சிலிண்டருக்குள் பிளக் துவாரம் வழியாக ஐந்து மில்லி ஆயில் விட்டுத் திரும்ப அளந்தேன். 85 இருந்த இடத்தில் 135. ஆயில் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கொஞ்ச நேரம் அடைத்ததால் வந்த ஏற்றம் அது. வால்வில் கசிவு என்றால் ஆயில் விட்டாலும் எண் நகராது. ஆக, நோய் சிலிண்டரில்.

இன்ஜினைத் தூக்கப் போர்வெல் மோட்டார் இறக்குபவரிடம் மூன்று கால் பைப்பையும் செயின் பிளாக்கையும் நாலு நாள் வாடகைக்கு எடுத்தேன். மச்சான் வந்து ஒரு கை பிடித்தார். கழற்றிய போல்ட்டுகளை எல்லாம் மருந்து கவர்களில் போட்டு வைத்தேன். காலை, மதியம், இரவு என்று அச்சடித்த அந்தச் சிறிய காகித கவர்கள்தான். ஒவ்வொன்றின் மேலும் எந்த இடத்து போல்ட், எத்தனை, எந்த வரிசை என்று எழுதினேன். மொத்தம் நாற்பத்திரண்டு கவர். திரும்பப் பூட்டும்போது ஒரு போல்ட்கூட மிஞ்சவில்லை, குறையவும் இல்லை.

சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டருக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மேல் விளிம்பிலிருந்து கொஞ்சம் கீழே ஓரிடத்தில் நகம் தட்டியது, வயல் வரப்பு மாதிரி ஒரு திட்டு. மேல் ரிங் அந்த உயரத்தைத் தாண்டிப் போகாது, அதனால் அங்கே உலோகம் பழையபடி நிற்கிறது. அதற்குக் கீழே, ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். சூடு மிகுதியாக இருப்பதும், ஆயில் குறைவாகப் போய்ச் சேருவதும், எரியும் வாயு ரிங்கைச் சுவரோடு அழுத்துவதும் அங்கேதான். அதோடு பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து தள்ளுவதால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரையே அதிகம் தேய்க்கிறது. வட்டமாக இருந்த துளை முட்டை வடிவமாகிறது. அதற்குள் வட்டமான புது ரிங்கைப் போட்டால் எப்படி அடைக்கும்? என் ரிங் வேலை நாலு மாதத்தில் தோற்றது இதனால்தான். அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் சிலிண்டரை அளந்திருந்தால் எனக்கு ஒன்பதாயிரம் ரூபாய் மிச்சம்.

கிராங்க், பேரிங் எல்லாம் கழற்றி, வெறும் பிளாக்கை முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு லேத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் மேலேயிருந்து ஒரு பார்வை பார்த்தார். "மூணுக்கும் லைனர் போட்டுடலாம்" என்று ஒரு பெரிய தொகை சொன்னார். லைனர் என்பது சிலிண்டருக்குள் செருகும் புது உறைக்குழாய். அளந்து பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தாலே தெரியும் என்றார். பிளாக்கைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றினேன். மருந்துக்கடையில் சீட்டைப் படிக்காமல் மாத்திரை எடுத்துக் கொடுப்பவரை நான் வேலைக்கு வைக்க மாட்டேன். இதிலும் அதே நியாயம்தான்.

பாயிடம் போகச் சொன்னது என் வண்டிக்கு டயர் மாற்றும் பையன். கோணிப்பையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கினேன். பாய் பிளாக்கைத் தொடுவதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி: "பிஸ்டன் எங்க தம்பி?"

இன்னும் வாங்கவில்லை, நீங்கள் போர் செய்து முடித்ததும் அதற்கேற்ற சைஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். தலையை ஆட்டினார். "காலை அளக்காம செருப்பு தைக்கச் சொல்ற. அளவு நான் சொல்றேன், பிஸ்டனை வாங்கிட்டு வா. கையில பிஸ்டன் இல்லாம நான் கத்தி வைக்க மாட்டேன்."

ஆனால் அளந்துவிட்டுத்தான் அனுப்பினார். டயல் போர் கேஜை எடுத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என மூன்று ஆழத்தில், ஒவ்வொரு ஆழத்திலும் நீளவாட்டில் ஒன்று குறுக்குவாட்டில் ஒன்று. சிலிண்டருக்கு ஆறு அளவு, ஆக மொத்தம் பதினெட்டு. ஒவ்வொன்றையும் என்னைக் குனிந்து முள்ளைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பிளாக்கின் பக்கவாட்டில் சாக்பீஸால் எழுதினார். இந்த இன்ஜினின் ஒரிஜினல் போர், அதாவது துளையின் விட்டம், 68.50 மில்லிமீட்டர். கீழே, ரிங் போகாத இடத்தில் இன்னும் 68.50தான் காட்டியது. இரண்டாவது சிலிண்டரின் மேல்பகுதியில் 68.64.

0.14 தேய்மானம்தானே, 0.25 ஓவர்சைஸ், அதாவது ஒரிஜினலைவிட அவ்வளவு மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டால் போதாதா என்று கேட்டேன். வீட்டில் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். பாய் பொறுமையாக விளக்கினார். "எல்லாப் பக்கமும் சமமா தின்னிருந்தா கால் போதும். இது ஒரே பக்கமா தின்னிருக்கு. நான் சென்டரை மாத்தாம கத்தி ஓட்டணும். கால் போட்டா ஒரு பக்கத்துக்கு எவ்வளவு எடுப்பேன்? பாதிதான்." கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.25இல் பாதி 0.125. தேய்ந்திருப்பது 0.14. அந்தப் பக்கத்தில் கத்தி படவே படாது, பழைய தேய்மானம் அப்படியே நிற்கும். "அரை வாங்கிட்டு வா" என்றார், அதாவது 0.50. லைனர் வேண்டாமா என்றதற்கு, "அரை மில்லிக்கு மேல தேஞ்சிருந்தா, இல்ல சுவர் விண்டிருந்தா லைனர். உனக்கு எதுக்கு?" என்று முடித்துவிட்டார். லைனர் போட்டிருந்தால் அவருக்கு வந்திருக்கும் கூலி பல மடங்கு. அந்த ஒரு பதிலிலேயே பிளாக்கை அங்கே விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன் செட், ரிங், பிஸ்டனை ராடோடு கோக்கும் பின் எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு போனேன். பாய் டப்பாவைப் பிரித்து, பிஸ்டன்களை மேசையில் வைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்துதான் அளந்தார். வெயிலில் வந்த அலுமினியம், பட்டறைச் சூட்டுக்கு வரட்டும் என்றார். பிஸ்டனை அளக்க வேண்டியது, ரிங்குகளுக்குக் கீழே பாவாடை என்று சொல்லும் சுவரின் கீழ்ப்பகுதியில், அந்தப் பின் போகும் திசைக்குக் குறுக்காக. அங்கேதான் அதன் அகலம் அதிகம். இரண்டு பிஸ்டன்கள் 68.96. மூன்றாவது 68.95. ஒரே டப்பாவில் வந்தவைதான். மூன்றின் தலையிலும் மார்க்கரால் 1, 2, 3 என்று எழுதினார். மூன்றாவது சிலிண்டரை மட்டும் ஒரு நூலிழை இறுக்கமாக முடிக்கப் போகிறார். புத்தகத்தில் உள்ள எண்ணுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போர் செய்திருந்தால் அந்த வித்தியாசம் இன்ஜினுக்குள் போயிருக்கும். பிஸ்டன் இல்லாமல் கத்தி வைக்க மாட்டேன் என்று அவர் ஏன் சொன்னார் என்பது அப்போதுதான் எனக்கு முழுக்கப் புரிந்தது.

போர் செய்வதைப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிளாக்கை மெஷினில் ஏற்றி, தேய்மானம் இல்லாத அடிப்பகுதியை வைத்து சென்டர் பிடித்தார். இதற்கே இருபது நிமிடம் ஆனது. அப்புறம் கத்தி இறங்கியது. முதல் ஓட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் சாம்பல் நிறத்தில் புது உலோகம் தெரிந்தது, எதிர்ப்பக்கம் பழைய பளபளப்பு. இரண்டாம் ஓட்டத்தில் அந்தப் பளபளப்பு ஒரு கட்டைவிரல் அகலத்துக்குச் சுருங்கியது. மூன்றாம் ஓட்டத்தில் மறைந்தது. 68.95 வந்ததும் நிறுத்திவிட்டார். மீதியை ஹோனிங் கல்லுக்கு விட்டு வைக்க வேண்டும். கத்தி விட்டுப் போகும் கோடுகள் திருகு மரை மாதிரி இருக்கும், ரிங்குக்கு அது ஆகாது.

ஹோனிங்கில்தான் அவர் கை தெரிகிறது. கல் சுற்றிக்கொண்டே மேலும் கீழும் ஏறி இறங்க வேண்டும், அந்த வேகம் சரியாக இருந்தால்தான் சுவரில் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு வைர வடிவம் போடும். கோலத்தில் சிக்கு போட்ட மாதிரி சுவர் முழுக்க மெல்லிய கீறல்கள். அந்தக் கீறல்களில்தான் ஆயில் தங்கும், அதில்தான் புது ரிங் தேய்ந்து படியும். கண்ணாடி மாதிரி வழவழப்பாக விட்டால் ரிங் கடைசிவரை படியாது. கோடு கிட்டத்தட்டப் படுக்கையாக இருந்தால் ரிங் தடதடக்கும், செங்குத்தாக இருந்தால் ஆயில் வடிந்துவிடும். பாய் டார்ச்சை உள்ளே பிடித்து, "பார், ரெண்டு பக்கமும் ஒரே சாய்வா இருக்கா?" என்று கேட்டார். இருந்தது.

முதல் சிலிண்டர் முடிந்ததும் கேஜை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. பிளாக்கில் கையை வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். "சூட்டுல அளந்தா பொய் சொல்லும்." முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அளந்தார். 69.00, 69.00, மூன்றாவது 68.99. மூன்று பிஸ்டனுக்கும் அதே 0.04 இடைவெளி. வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன்: 796 சிசி இன்ஜின் இப்போது 808க்குப் பக்கத்தில்.

பணம் கொடுக்கும்போது அவர் சொன்ன இன்னொன்றுதான், என்னைப் போல வீட்டில் பூட்டுகிறவர்கள் அத்தனை பேரும் கேட்க வேண்டியது. பிளாக்கைப் பெட்ரோலில் கழுவாதே என்றார். பெட்ரோல் ஆயிலைக் கரைக்கும். கல் உதிர்த்த தூளை அந்தக் கீறல்களிலேயே படிய விட்டுவிடும். சுடுதண்ணீரும் சோப்பும்தான். பிரஷ் போட்டுத் தேய், வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவு என்றார்.

மொட்டை மாடியில் வைத்துக் கழுவினேன். துணிப்பவுடர் கரைத்த கொதிநீர், பாட்டில் கழுவும் நைலான் பிரஷ். கண்ணுக்குச் சிலிண்டர்கள் முதல் தடவையிலேயே பளிச்சென்று ஆகிவிட்டன. கடையில் காயத்துக்குக் கட்டும் பஞ்சில் கொஞ்சம் கிள்ளி, துளி ஆயில் தொட்டுச் சுவரில் தடவினேன். பஞ்சு கரும்பலகை துடைத்த மாதிரி சாம்பலாக வந்தது. திரும்பக் கழுவினேன், திரும்பச் சாம்பல். நாலாவது தடவை லேசான புகை நிறம். ஆறாவது தடவைதான் பஞ்சு வெள்ளையாக வந்தது. அந்தத் தூள் ஹோனிங் கல்லிலிருந்து வந்தது, உலோகத்தை அறுப்பதற்கென்றே செய்தது. அது உள்ளே இருந்திருந்தால் பாய் மூன்று நாளில் செய்த வேலையை இன்ஜின் முதல் நூறு கிலோமீட்டரிலேயே தின்றிருக்கும். கழுவி முடித்த அந்த நிமிடமே துடைத்து ஆயில் பூச வேண்டும். கத்திரி வெயிலில் ஒரு சிலிண்டரைத் துடைத்து முடிப்பதற்குள் அடுத்ததில் செம்மண் நிறத்தில் துரு பூக்க ஆரம்பித்துவிட்டது. மச்சான் ஒன்றைத் துடைக்க நான் ஒன்றைத் துடைக்க, ஒரு வழியாகக் காப்பாற்றினோம்.

கிராங்க் பாய் செய்வதில்லை. இரண்டு கடை தள்ளி ஒருவரிடம் அனுப்பினார், கனெக்டிங் ராடு உட்காரும் ஜர்னல்களில் 0.25 மில்லிமீட்டர் எடுக்க வேண்டியிருந்தது. ஹெட்டையும் தொட மாட்டார். "அது வேற கை" என்று சிந்தாதிரிப்பேட்டையில் ஓர் இடம் சொன்னார். வால்வ் சீட் வெட்டி, கைடு மாற்றி, ஹெட்டின் தளத்தைச் சீவி வாங்கினேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஒழுங்காகச் செய்தார்கள்.

பூட்டும் வேலை ஐந்து நாள், கடையை மூடிவிட்டு வந்து இரவு ஒன்பதரைக்கு மேல். ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த மகள்தான் எனக்குத் துணை. அவள் மேனுவலை வாசிப்பாள், நான் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சைத் திருப்புவேன், அவள் டிக் அடிப்பாள். ஒவ்வொரு ரிங்கையும் பிஸ்டனில் மாட்டும் முன் சிலிண்டருக்குள் தனியாக வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, ரிங்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளால் பார்த்தோம். 0.25 வந்தது. ரிங்கில் பொறித்த எழுத்து மேலே பார்க்க வேண்டும். வாய்கள் ஒன்றுக்கு நேர் கீழே இன்னொன்று வராமல் சுற்றிப் பிரித்து வைக்க வேண்டும். கிராங்கின் ஆயில் துவாரங்களுக்குள் சிரிஞ்சால் பெட்ரோலைப் பீய்ச்சிக் கழுவினேன், கிரைண்டிங் தூள் அதிலும் ஒளிந்திருந்தது. பேரிங் இடைவெளியை மெழுகு நூல் போன்ற பிளாஸ்டிகேஜை வைத்து இறுக்கிக் கழற்றிப் பார்த்தோம். நசுங்கிய நூலின் அகலத்தை உறையில் உள்ள அளவுகோலோடு ஒப்பிட்டவள் அவள்தான். என் கண்ணுக்கு அந்தக் கோடுகள் இரவில் பிரிந்து தெரிவதில்லை. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் பம்ப், சீல்கள் எல்லாமே புதுசு. இவ்வளவு தூரம் பிரித்துவிட்டு அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் பிளக்குகளைக் கழற்றி வைத்து, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டு விட்டு செல்ஃப் அடித்தேன். அப்புறம் பிளக் மாட்டி, சாவியைத் திருப்பினேன். மூன்றாவது முயற்சியில் பிடித்தது. பூட்டும்போது தடவிய ஆயில் எரிந்து கொஞ்ச நேரம் வெள்ளையாகப் புகைந்தது, பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. புது ரிங் உள்ள இன்ஜினை நீண்ட நேரம் ஐடிலில் விடக் கூடாது. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம், அதற்கு இன்ஜின் பாரம் இழுக்க வேண்டும். அன்று மாலையே செங்குன்றம் தாண்டிக் காரனோடை வரை ஓட்டினேன். ஒரே வேகத்தில் போகாமல், ஏற்றி இறக்கி, மூன்றாவது கியரில் இழுக்கவிட்டு, காலை எடுத்து, திரும்ப இழுக்கவிட்டு. 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். வடித்த ஆயிலைப் பனியன் வேஸ்ட்டில் பரப்பிப் பார்த்தேன். மெல்லிய மினுமினுப்பு இருந்தது, முதல் ஆயிலில் அது இருக்கும். 1,500இல் திரும்ப மாற்றினேன். அதில் இல்லை.

இப்போது 3,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்ப்ரஷன் 175, 172, 175. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஒரு சுண்டுவிரல் நகம் அளவு இறங்கியிருக்கிறது. லிட்டருக்குப் பதினாலு கொடுத்தது பதினேழரை கொடுக்கிறது. பாடி மேம்பாலத்தில் நாலு பேரோடு மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது.

மொத்தச் செலவு, கருவிகள் நீங்கலாக, 21,200 ரூபாய். அதில் பாய் வாங்கியது சிலிண்டருக்கு எழுநூறு வீதம் 2,100. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி ஒன்பது பங்கும் அந்த 2,100 ரூபாய் வேலையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றவர் அடுத்த புதன்கிழமைதான் கொடுத்தார். வாடகைக்கு எடுத்த மூன்று கால் பைப்பை அதனால் இன்னொரு தடவை எடுக்க வேண்டியிருந்தது. போன் எடுப்பதில்லை, நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். பில் கிடையாது, பணம் ரொக்கமாகத்தான். ஹெட் பொருந்தும் பிளாக்கின் மேல்தளம் நேராக இருக்கிறதா என்று அவராகப் பார்க்க மாட்டார். நான் கேட்ட பிறகுதான் நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தார், நல்லவேளையாகச் சீவத் தேவைப்படவில்லை. அதை ஒவ்வொரு பிளாக்குக்கும் அவரே செய்யலாம். பிளாக்கைக் கழுவாமல் அப்படியே தருவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. எப்படிக் கழுவ வேண்டும் என்று வாயால் சொல்லி அனுப்புகிறார். கேட்டுக்கொண்டு போகிறவர்கள் பிழைப்பார்கள், அவசரத்தில் இருக்கும் மெக்கானிக் பெட்ரோலில் அலசிவிட்டுப் பூட்டிவிடுவான். கூட இருநூறு வாங்கிக்கொண்டு அங்கேயே சுடுதண்ணீரில் கழுவித் தரலாமே என்று சொன்னேன். இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். இடம் இல்லைதான்.

ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் வண்டியை எடுத்துக்கொண்டு காட்டப் போனேன். சந்துக்குள் கார் நுழையாது, முனையிலேயே நிறுத்திவிட்டுப் போய்க் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். உடனே பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. இன்ஜின் ஓட ஓட சைலன்சர் குழாய்க்குக் கொஞ்சம் தள்ளி உள்ளங்கையைப் பிடித்தார், என் கையையும் இழுத்து வைத்தார். சூடான காற்று, ஈரம் மட்டும், பிசுபிசுப்பு இல்லை. அப்புறம்தான் பானெட்டைத் திறந்து ஆயில் ஃபில்லர் மூடியைக் கழற்றச் சொன்னார். முன்பெல்லாம் அங்கே புகை புகையாக மூச்சு விடும். இப்போது மூடியைத் துவாரத்தின் மேல் சும்மா வைத்தால் அசையாமல் இருந்தது. "மூணாவது எப்படி?" என்று கேட்டார். தினம் எத்தனையோ பிளாக்குகள் அவர் கைக்கு வந்து போகின்றன. என் மூன்றாவது பிஸ்டன் ஒரு நூலிழை சிறிது என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது.

போகிறவர்கள் காலை பதினோரு மணிக்கு முன்னால் போங்கள், அப்போதுதான் நின்று பேச அவருக்கு நேரம் இருக்கும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார். முதல் தடவை வெறும் பிளாக்கை எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிக் கொண்டுபோய் அளந்து மட்டும் வாருங்கள். அளவைக் கேட்டுக்கொண்டு பிஸ்டன் வாங்கி, ரிங்கோடு இரண்டாம் தடவை போங்கள். சொன்ன தேதிக்கு மேல் ஒரு வாரம் சேர்த்துக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிளாக்கைத் திரும்ப வாங்கப் போகும்போது கோணிப்பையோடு ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரும் எடுத்துப் போங்கள். புதிதாக ஹோன் செய்த சிலிண்டர், மழைத்தூறல் பட்டால் வில்லிவாக்கம் வந்து சேர்வதற்குள் துருப்பிடித்துவிடும்.